தண்ணீர் விழாத பெயர்

ஆம்பூர்,
1927 பிப்ரவரி 24, வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான என் புருஷனாகிய உபதேசியார் அவர்களுக்குச் சலோமி எழுதுவது. தேவகிருபையால் இங்கே நான் சுகம், ஆட்டுக்குட்டிகள் இரண்டும் சுகம். உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறதென்று நீங்கள் எழுதாமல் விட்டதால், அதைக் கேட்டே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மொத்தம் இருபத்திரண்டு வரி. எண்ணிப் பார்த்தேன், எண்ணுவேன் என்று உங்களுக்கும் தெரியும். அதில் எனக்கு இரண்டு வரி, மூப்பர் வேதாசலத்துக்கு மூன்று வரி, நீங்கள் படிக்கும் வேதபாடசாலையின் சாப்பாட்டைப் பற்றி மூன்று வரி. மிச்சம் பதினான்கும் எல்லம்மாவுக்கு. எல்லம்மாவுக்கு எழுத்துக்கூட்ட வருகிறதா, எல்லம்மாவை மேஸ்திரி ஆராதனைக்கு விடுகிறானா, எல்லம்மா இன்னும் அப்படியே ஜெபிக்கிறாளா. ஊரில் வேறு யாரும் உயிரோடு இல்லை என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவள் நன்றாகவே இருக்கிறாள். முக்தார் அகமது சாயபுவின் தோல் மண்டியில் சுண்ணாம்பில் ஊறிய தோலில் மயிர் சுரண்டும் அதே வேலைதான். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால், ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியிடம் கெஞ்சிவிட்டு ஆராதனைக்கு வருகிறாள், முடிந்ததும் ஓடுகிறாள். கடைசி வரிசையில்தான் உட்காருகிறாள். அவள்மேல் அடிக்கும் சுண்ணாம்பு வாடை மற்றவர்களுக்குப் படக்கூடாதாம். அவளே அப்படி நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்யட்டும். நீங்கள் சொல்லிப்போனபடி மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மண்டிக்கு வெளியே புளியமரத்தடிக்குப் போய் அவளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். அந்த வெயிலில் எனக்குத் தலைவலி வருகிறது. அதைக் கேட்க உங்கள் கடிதத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது.

ஜெபிக்கிறாளா என்று கேட்டீர்கள். போன புதன்கிழமைக் கூட்டத்தில் ஜெபித்தாள். எதிரில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, "அப்பா, இன்னிக்கு கையெல்லாம் எரிதுப்பா, நீ பாத்துக்கினுதானே இருந்தே" என்று பேசுகிறாள். மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நான் பிறந்த நாள் முதல் கிறிஸ்தவள். என் தகப்பனார் ராணிப்பேட்டையில் இருபது வருஷம் சபை மூப்பராக இருந்தவர். ஜெபத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பிழை இல்லாமல் ஜெபித்தேன். மூப்பர் கொட்டாவி விட்டார்.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது வயது விதவை, கையெல்லாம் வெந்து கிடக்கிறவள், அவளிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது. நடந்ததைத்தான் எழுதினேன்.

ஆனால் பதினெட்டாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டும். ஈஸ்டரில் எல்லம்மாவுக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது யோவன்னாள் என்று பெயர் வைக்கலாமே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடு மேய்ந்ததா என்று கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அது யாருடைய பெயர் என்று உங்கள் பேனாவுக்கு மறந்துவிட்டதா? ஏழு வருஷத்துக்கு முன்னால் பத்தொன்பது நாள் என் மடியில் இருந்தவளுக்கு நாம் எடுத்துவைத்த பெயர். ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது முறையில்லை என்றீர்கள். அதனால் பத்தொன்பது நாளும் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டோம். இருபதாம் நாள் விடிந்தபோது நீங்கள் ஆலங்காயத்தில், போதகர் ஐயா வேலூரில். அவசரத்துக்கு விசுவாசி யாராக இருந்தாலும் தண்ணீர் தெளித்துப் பெயர் சொல்லலாம் என்று அடக்கம் முடிந்த பிறகு எனக்குச் சொன்னார்கள். தண்ணீர் குடம் அப்போது என் தலைமாட்டில்தான் இருந்தது.

அந்தப் பெயரை வேறு ஒருத்திக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. கிறிஸ்தவப் பெயர்களுக்கு நாட்டில் என்ன பஞ்சம்.

வயிற்றுக்கு ஓமத்தண்ணீர் குடிக்கவும். சட்டைக்குப் பொத்தான் போயிருந்தால் நீங்களே தைக்காமல் வைத்திருங்கள், நான் வந்து தைக்க முடியாவிட்டாலும்.

உங்கள் மனைவி,
சலோமி.

---

ஆம்பூர்,
1927 மார்ச்சு 28, திங்கட்கிழமை.

என் பிரியமான புருஷனுக்குச் சமாதானம் உண்டாவதாக. உங்கள் பதில் கடிதம் கிடைத்தது. மன்னித்துக்கொள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இப்போது அதைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுத வேறு விஷயம் இருக்கிறது.

வெயில் ஏறிவிட்டது. மண்டித் தண்ணீர் கலந்து நம் தெருக் கிணறு மறுபடியும் வாய் வைக்க முடியாமல் ஆகிவிட்டது. எல்லோரும் பாலாற்றில்தான் ஊற்று தோண்டி அள்ளுகிறோம். முழங்கை வரைக்கும் தோண்டினால் வந்த தண்ணீர் இப்போது தோள் வரைக்கும் தோண்டினால்தான் வருகிறது. எல்லம்மாவின் பக்கத்து வீட்டு ரங்கம்மாளைத் தெரியுமே, மண்டியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள். மாசி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் சுண்ணாம்புக் குழியில் கால் வழுக்கி முழங்கால் வரை வெந்துவிட்டது. இன்னும் ஊன்ற முடியவில்லை. பாவம், மிகவும் பேஜார்படுகிறாள். இரண்டு தடவை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கறுப்பு ஆட்டுக்குட்டி செத்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெறுகிறவர்களின் பெயரை வழக்கப்படி மூன்று ஞாயிறு சபையில் வாசித்தார்கள். இந்த வருஷம் எல்லம்மா ஒருத்திதான். அவளைப் பற்றிக் குறை தெரிந்தவர்கள் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவையும் மூப்பர் கேட்டார். இரண்டு ஞாயிறு யாரும் வாய் திறக்கவில்லை. நேற்று மூன்றாம் ஞாயிறு, போதகர் ஐயாவும் வந்திருந்தார். ஆராதனை முடிந்தபின் நான் போய் அவரிடம் சொன்னேன்.

மாசி அமாவாசைத் திருவிழாவான மயானக் கொள்ளை அன்று நான் ஆற்றில் ஊற்றுத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். பம்பை மேளச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், அங்காளம்மன் படையலுக்குப் போகிற கூட்டத்தில் எல்லம்மா தலையில் கூடையோடு போகிறாள். கூடையில் அவித்த பயறும் கொழுக்கட்டையும், மேலே ஒரு சேவல். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

போதகர் ஐயா அவளைக் கூப்பிட்டுக் கூடை தூக்கிப் போனது உண்டா என்று கேட்டார். "தூக்கினேங்க ஐயா" என்றாள். அவருக்கு வாணியம்பாடிக்கு ரயில் பிடிக்க வேண்டிய அவசரம். ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயும் வைத்துக்கொண்டு ஞானஸ்நானம் பெற முடியாது, இன்னும் ஒரு வருஷம் ஆயத்தப்படு, அடுத்த ஈஸ்டரில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டாள்.

நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதமாட்டேன். சபையின் சுத்தத்தைக் காப்பது உபதேசியார் மனைவியின் கடமை. மே மாதம் உங்களை உதவிப் போதகராக நியமிக்கும்போது வீட்டாரின் சாட்சியையும் விசாரிப்பார்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். இப்படி ஒரு குறையைப் பார்த்தும் மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக்கூடாது.

ஒரு வாரமாகத் தூக்கம் கம்மி. வெயில்தான் காரணம். பதினான்கு வரியை யாருக்கு எழுதுவது என்று இனி நீங்கள் யோசித்துக்கொள்ளலாம்.

உங்கள் மனைவி,
சலோமி.

---

ஆம்பூர்,
1927 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு, சாயங்காலம்.

என் புருஷனுக்கு,

இன்று சபை முழுவதும் திருவிருந்தில் சேர்ந்தது. நான் சேரவில்லை. போதகர் ஐயா இதைப் பற்றி உங்கள் வேதபாடசாலைக்கு எழுதுவார். அவர் கடிதம் வருவதற்கு முன்னால் என் கடிதம் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

போன கடிதத்தில் நான் எழுதியது மெய். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கூடை ரங்கம்மாளுடையது. வருஷா வருஷம் மயானக் கொள்ளைக்குப் படையல் எடுத்துப்போவதாக அவளுக்கு நேர்த்தி. கால் வெந்து கிடந்ததால் இந்த வருஷம் போக முடியவில்லை. அம்மன் கோபித்துக்கொள்ளும், இன்னொரு காலையும் வாங்கிவிடும் என்று பயந்து அழுதிருக்கிறாள். எல்லம்மா அவள் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் ரங்கம்மாளின் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். கும்பிடவும் இல்லை, நெற்றியில் இட்டுக்கொள்ளவும் இல்லை. நான் கஞ்சி கொண்டுபோன அன்று ரங்கம்மாளே இதைச் சொன்னாள். "கிறிஸ்தவங்க சாமி இன்னா நெனைக்குமோ தெரியலம்மா, ஆனா எனக்காவ தூக்கினு போச்சு" என்றாள்.

அதாவது போதகர் ஐயாவிடம் போய் நின்றபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே பாதியைச் சொன்னேன். அவள் பெயரை மூப்பர் மூன்றாவது தடவை வாசித்ததும், அடுத்து அவளுக்கு வேறு பெயர் வரப்போகிறதே என்று என் வயிறு எரிந்தது. நான் வேண்டாம் என்று எழுதியிருந்தும், நீங்கள் போதகர் ஐயாவுக்குத் தனியாக எழுதி அந்தப் பெயரையே வைத்துவிடுவீர்களோ என்று பயந்தேன். அப்படிப்பட்டவர் இல்லை நீங்கள். ஆனாலும் பயந்தேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. எல்லம்மா பாடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. மறுநாளே புளியமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தாள். யார் சொல்லித் தள்ளிவைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஏன் காரணத்தைப் போதகரிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். தூக்கினாயா என்றுதானே ஐயா கேட்டார், தூக்கினேன் என்று சொன்னேன் என்றாள். பிறகு தன் கையை என் முன்னால் நீட்டிக்கொண்டு, "தோல்ல ஒரு மயிரு மிச்சம் இருந்தாலும் அந்த எடத்துல பட்டைத் தண்ணி உள்ள எறங்காதும்மா. எம் மனசுல இன்னா மிச்சம் இருக்குதுன்னு நீங்க பாத்துட்டீங்க. அது இன்னான்னு சொல்லுங்க, நான் சுரண்டிப் போட்டுர்றேன்" என்றாள்.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. தினமும் அதையே கேட்டாள். இன்னும் கொஞ்சம் ஜெபி என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. தவறு செய்தவள் நான், என்னிடமே வந்து தன் தவறு என்ன என்று கேட்கிறாளே என்று அவள்மேல் ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியானது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் பிறகு திருவிருந்துக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றோம். போதகர் ஐயா ஒவ்வொருவரையும் வழக்கப்படி கேட்டார், யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று. இல்லை ஐயா என்றேன். சலோமி, உபதேசியார் மனைவி என்று எழுதிக்கொண்டார். பதினாறு வயதிலிருந்து அந்தக் கேள்விக்கு இல்லை ஐயா என்றே சொல்லிப் பழகிய வாய். மண்டித் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோலச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை ஆயத்த ஆராதனை. காலையிலேயே திருவிருந்துப் பந்தி மேசையின் வெள்ளைத் துணியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எனக்கு முன்னால் எல்லம்மா அங்கே இருந்தாள். பந்தியில் சேர அவளுக்கு உரிமை இல்லை, ஆனாலும் ஆலயத்தைப் பெருக்கி, சுவரடியெல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தாள். வெந்துபோன கையோடு மறுபடியும் சுண்ணாம்பில். நாளைக்கு எல்லாரும் சாமியைப் பார்க்கப் போகிறீர்களே, இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்றாள். பொறாமை இல்லாமல் சொன்னாள். எனக்கு வராத காரியம் அது.

ஆராதனையில் போதகர் ஐயா எல்லோரையும் முழங்காற்படியிடச் சொன்னார். அவரவர் இருதயத்தை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். வழக்கமாக இந்த நேரத்தில் நான் மனப்பாடமான பாவ அறிக்கையைச் சொல்லி முடித்துவிட்டு மற்றவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். நேற்று ஒரு வார்த்தையும் வரவில்லை. டிரங்குப் பெட்டியும் அதற்குள் பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கென்று தைத்து மடித்து வைத்திருக்கும் சின்ன வெள்ளைச் சட்டையும்தான் கண்ணுக்குள் வந்தது. எல்லோரும் எழுந்து உட்கார்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரம்மா என்றார் போதகர் ஐயா. உங்கள் நியமனம் நினைவுக்கு வந்தது. நீங்கள் பல நாள் பட்டினி கிடந்து படித்த படிப்பும் நினைவுக்கு வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், அப்படியும் சொல்லிவிட்டேன். கூடை யாருடையது, எனக்கு எப்போது தெரியும், எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று எல்லாவற்றையும் சபைக்கு முன்னால் சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். பொறாமை ஐயா என்றேன். யார்மேல் என்றார். அவள்மேல், அவளைப் பற்றியே எழுதும் என் புருஷன்மேல், அவள் பேசினால் மட்டும் காது கொடுக்கிற கர்த்தர்மேல் என்றேன். போதகர் ஐயா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு புத்தகத்தை எடுத்து என் பெயரை அடித்தார். விசாரிக்காமல் தள்ளிவைத்தது தன் தப்பு என்று எல்லம்மாவிடம் சொன்னார், நாளைக்கே ஞானஸ்நானம் என்றும் சொன்னார். திருவிருந்தில் சேர என்னைப் பெந்தெகொஸ்தே பண்டிகை வரை காத்திருக்கச் சொன்னார். உபதேசியார் நியமனத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

எல்லம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள் என்று நினைப்பீர்கள். இல்லை. வாசலில் என்னை நிறுத்தி, "மூணு வாரமா எனக்குள்ள இன்னா அழுக்குன்னு தேடித் தேடி அழுதேனேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அவளுக்கும் கோபம் வரும் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

இன்று காலை பந்தியில் சேராதவள் என்பதால் நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். எல்லம்மாவின் இடம். பாயில் அந்தச் சுண்ணாம்பு வாடை இருந்தது. முதல் வரிசையில் என் இடம் காலியாக இருந்ததை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபிக்க முயன்றேன். அலங்காரமாக ஒன்றும் வரவில்லை. அப்பா, எனக்கு இன்னும் எரிகிறது, நீ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். அவள் வார்த்தையைத்தான் திருடிக்கொண்டேன், வேறு தெரியவில்லை. பதில் வந்தது என்று எழுதமாட்டேன். ஆனால் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. எழுந்து போய்விடுவாரோ என்று அசையாமல் இருந்தேன்.

எல்லம்மா ஞானஸ்நானத் தொட்டியின் முன்னால் போய் நின்றாள். மூப்பரின் மனைவி ஞானத்தாயாக நின்றாள். என்ன பெயர் என்று போதகர் ஐயா கேட்டார். எல்லம்மா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். போதகர் ஐயா மறுபடியும் கேட்டார். "படிக்கச் சொல்லிக்குடுத்தவங்க சொல்லட்டுங்க ஐயா" என்றாள். அவளுக்கு உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் யாரிடமும் காட்டியதில்லை.

ரூத் என்று சொல்லியிருக்கலாம். மரியாள் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றேன். யோவன்னாள் என்றேன். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கூரை வரைக்கும் கேட்டது என் குரல். போதகர் ஐயா தண்ணீரை அள்ளினார். யோவன்னாளே என்று சொல்லி மூன்று தடவை ஊற்றினார். ஏழு வருஷம் காய்ந்து கிடந்த அந்தப் பெயரின்மேல் தண்ணீர் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்தத் தடவை பாதியை மறைக்காமல் சொல்கிறேன்: பார்க்கும்போது அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. என் பிள்ளையின் தலையில் விழ வேண்டிய தண்ணீர். ஆனால் அது தரையில் விழாமல் ஒரு தலையில் விழுந்ததே என்றும் இருந்தது.

உங்கள் நியமனத்தை நான் கெடுத்திருந்தால், வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். நான் பதில் பேசமாட்டேன். கொஞ்சம்தான் பேசுவேன்.

ஒரே ஒரு காரியம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதுங்கள், எண்ணமாட்டேன். அந்தப் பெயரை மட்டும் எழுத வேண்டாம். லீவு விட்டதும் வாருங்கள். அவளைப் புளியமரத்தடிக்கு வரச் சொல்கிறேன். நானும் உங்கள் பக்கத்தில் நிற்பேன். அந்தப் பெயரைச் சொல்லி நீங்கள் முதல் தடவை கூப்பிடுவது என் காதில் விழ வேண்டும்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உங்கள்
சலோமி.